மரியாதைக்கு இரண்டு நொடி

பலகை பிடிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று எங்கள் ரேஸ் கிளப்பில் ஒருவர் கேட்டார். மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள், அதனால் வேலைதான் என்றேன். அப்படியானால் கிளப் மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். இப்போது கார் ஓடும் நேரம் எல்லோர் செல்போனிலும் தெரிகிறது. டிராக்குக்கு வந்து, டிராக்கைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பலகைக்காரன் என்று ஒருவன் எதற்கு இருந்தான் என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. எழுதுகிறேன்.

நான் ஏழாவது வரை படித்தவன். அவிநாசிப் பக்கம் ஊர். கோயமுத்தூரில் ஒரு பம்பு பவுண்டரியில் வார்ப்புக்கு மண் சலித்துப் போடும் வேலை. முதலாளிக்குக் கார் ரேஸ் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரியிலிருந்து டயர் இறக்க என்னையும் டிராக்குக்கு ஏற்றிப் போனார்கள். பலகை பிடிக்கிறவனுக்கு அன்று காய்ச்சல். கொஞ்ச நேரம் பிடி என்று என் கையில் கொடுத்தார்கள். திரும்ப வாங்கவே இல்லை. என் பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் ரேஸ் படபடவென்று ஓடி முடிகிற ரேஸ் அல்ல. ஆறு மணி நேரம் ஓடும். ஒரு கார், அதிகம் போனால் மூன்று பேர். ஒருவர் ஓட்டிக் களைத்தால் உள்ளே வந்து அடுத்தவருக்குக் கொடுப்பார். நேரம் முடியும்போது எந்தக் கார் அதிகச் சுற்று போட்டிருக்கிறதோ அது ஜெயித்தது. ஓட்டுகிறவர்கள் எல்லாம் சொந்தக் காசில் ஓட்டுகிறவர்கள். மில்காரர், பல் டாக்டர், பம்புக்காரர். வாரத்தில் ஆறு நாள் பயந்து பயந்து கார் ஓட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வீரர்கள்.

வேலை இதுதான். கார் பெட்ரோலுக்கும் ஆள் மாற்றவும் உள்ளே வந்து நிற்கும் இடம் பிட். அதன் சுவரில் நிற்க வேண்டும். டிராக்கின் குறுக்கே வெள்ளைக் கோடு இருக்கும். கோட்டின் மேல் காரின் மூக்கு படும்போது ஸ்டாப் வாட்சை அமுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று தெரியும், நொடி குறைந்தால் வேகம் அதிகம். கட்டை விரலால் அமுக்கக் கூடாது. கட்டை விரல் சோம்பேறி. ஆள்காட்டி விரல்தான். கார் வரும்போதே பார்த்துக்கொண்டிருந்தால் கை அவசரப்பட்டு முன்னாலேயே அமுக்கிவிடும். அதனால் காரைப் பார்க்கக் கூடாது, கோட்டைப் பார்க்க வேண்டும். கார் தானாக அதன் மேல் வரும்.

பிறகு பலகை. கறுப்புத் தகரம். அதில் மஞ்சள் எண் தகடுகளைச் செருகி, கார் வரும்போது சுவருக்கு மேலே நீட்ட வேண்டும். ஓட்டுகிறவருக்கு அதைப் பார்க்க ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேகத்தில் ஒன்று என்று தெரியும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கார் கோட்டைத் தாண்டும்போதுதான் எனக்கு நேரம் தெரிகிறது. அதற்குள் கார் போய்விடும். ஆகவே நான் காட்டுவது அவருக்குப் போன சுற்றுச் சேதி. அவர் அதற்குப் பதில் சொல்வதென்றால் அடுத்த சுற்றில்தான் தெரியும். புருஷன் பெண்டாட்டி சண்டையில் கடிதம் எழுதிக்கொள்வதைப் போல.

காட்டி முடித்ததும் பலகையை ஒருமுறை பிட் பக்கமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இது மற்ற அணிகளில் கிடையாது. எங்கள் முதலாளி, தான் ஓட்டாத நேரத்தில், பின்னால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருப்பார். அவர் பார்க்க வேண்டும்.

எனக்கு மேலே மேனேஜர் நாச்சிமுத்து. பவுண்டரிக்கும் அவர்தான், டிராக்குக்கும் அவர்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. யாரிடமும் கெட்ட சேதியை நேராகச் சொல்ல மாட்டார். லீவு கிடையாது என்பதை, “லீவு குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லுல கண்ணு” என்று தொடங்குவார். கேட்கிறவன் பாதியிலேயே புரிந்துகொண்டு மிஷினுக்குத் திரும்பிவிடுவான். ஒருமுறை கரி ஷெட்டில் தீப் பிடித்தது. ஓடி வந்து, “பதறிப்போறதுக்கு ஒண்ணுமில்லீங்க, அங்க ஒரு சின்ன விசயமுங்க” என்றார். அவர் விசயத்துக்கு வருவதற்குள் கூரை இறங்கிவிட்டது.

அவரை நம்பி முதலாளி வாக்கி டாக்கி வாங்கினார். பலகை வேண்டாம், இனி பேசிக்கொள்ளலாம் என்றார்கள். முதலாளியின் மருமகன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். பெட்ரோல் குறைந்துவிட்டது, உள்ளே கூப்பிட வேண்டும். மேனேஜர் வாக்கி டாக்கியை வாயருகே வைத்தார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, நாச்சிமுத்து பேசறனுங்க. வெயிலு எப்படீங்க இருக்குது? ஒண்ணும் அவசரமில்லீங்க. உங்களுக்குத் தோது எப்படியோ அப்படிப் பாத்து, ஒரு எட்டு உள்ள வந்துபோட்டுப் போனீங்கன்னா...”

மாப்பிள்ளை பிட்டுக்குத் திரும்பும் வழியைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்த சுற்றில் மேனேஜர் வெயிலை விட்டுவிட்டு நலம் மட்டும் விசாரித்தார். அப்போதும் தாண்டிவிட்டார். மூன்றாவது சுற்றில் டிராக்கின் அந்தக் கோடியில் கார் நின்றுவிட்டது. வாக்கி டாக்கியைப் பெட்டியில் வைத்துக் கட்டினார்கள். பலகை மறுபடி என் கைக்கு வந்தது. உள்ளே வரச் சொல்ல ‘IN’ என்று ஒரு தகடு. தகட்டில் மரியாதைக்கு இடமில்லை, அதனால் வேலை நடந்தது.

இனி அந்த இரண்டு நொடிக்கு வருகிறேன்.

நான் பலகை பிடித்த முதல் ரேஸில் முதலாளி ஓட்டிய நேரத்தை ஓட்டியபடியே காட்டினேன். அவர் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றார். முதலாளி சாப்பிடாமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? தக்காளிச் சாதம் அண்டாவோடு பவுண்டரிக்குத் திரும்பிப் போனது.

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“மாரப்பா, நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லுல. ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குது. அவங்க எத்தனை இட்டிலி சாப்பிட்டாங்கன்னு நீ எண்ணிச் சொல்லுவியா?”

“சொல்ல மாட்டனுங்க.”

“அவ்வளவுதான். ரெண்டு நொடி கொறைச்சுப் போடு. மரியாதைக்கு.”

போட்டேன். அடுத்த ரேஸில் முதலாளி இரண்டு தட்டு சாப்பிட்டார். ரேஸ் நடத்துகிறவர்கள் தரும் முடிவுத்தாளில் காருக்கு எத்தனை சுற்று என்றுதான் இருக்கும். யார் எந்த நேரத்தில் ஓட்டினார் என்பது அந்தந்த அணிக்காரன் வாட்சுக்கு மட்டும்தான் தெரியும். உண்மை நேரத்தை நான் மேனேஜர் காதில் சொல்வேன். அவர் தலையாட்டுவார். ஊருக்குப் பலகை.

பிறகு மாப்பிள்ளை ஓட்ட வந்தார். அவருக்கு எத்தனை என்று கேட்டேன்.

“மூணு.”

“முதலாளிக்கே ரெண்டுதானுங்க.”

“பொண்ணு குடுத்த எடம், மாரப்பா.”

அதில் மாப்பிள்ளை பலகையில் மாமனாரைக் கண்டபடி முந்திவிட்டார். முதலாளி மறுபடி சோற்றைத் தள்ளினார். அவருக்கும் மூன்றாக்கினோம். விலைவாசி அப்படித்தான் ஏறும். பக்கத்துப் பிட்டில் மில்காரருக்குப் பலகை பிடித்த ஆள் எங்கள் பலகையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஏனுங்க மாரப்பா, உங்க பக்கம் மட்டும் ரோடு சரிவா இருக்குதுங்களா?”

மூன்றாவதாகச் செல்வம் வந்தான். எங்கள் பவுண்டரியிலேயே லேத் ஓட்டியவன். காரமடைக்காரன். மினி லாரியில் பம்பு ஏற்றிப் போய் அவன் திரும்பி வருகிற வேகத்தைப் பார்த்து முதலாளிதான் கூட்டி வந்தார். அவனுக்கு மரியாதை எதுவும் சொல்லப்படவில்லை, ஓட்டியதை ஓட்டியபடி போட்டேன். முதல் நாளே பலகையில் மாப்பிள்ளையையும் முதலாளியையும் தாண்டிவிட்டான். அவர்களுக்கு மும்மூன்று குறைத்த பிறகும்.

மேனேஜர் என்னிடம் வந்தார். “பையன் ஓட்டம் சரியில்லைன்னு நான் சொல்லுல. நல்லா ஓட்டறான். கண்ணு பட்டுரும். ரெண்டு நொடி சேத்திப் போடு. கொழந்தைக்கு மை வெக்கறதில்லையா, அப்படி.”

சேர்த்துப் போட்டேன். திருஷ்டிக்கு இரண்டு. ஆக மூன்று பேரில் உண்மையில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டியவன் பலகையில் கடைசி. காருக்கு இதனால் ஒன்றும் குறையவில்லை. காருக்குப் படிக்கத் தெரியாது.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அதன் பிறகு அந்த ரேஸ் வந்தது. முந்தின நாள் முதலாளி எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: “மூணு பேரு மாத்தறதுல நேரம் போகுது. இனி ரெண்டு பேரு போதும். நாளைக்குப் பலகையில ஆரு கடைசியோ அவரு எறங்கிக்கட்டும். நானா இருந்தாலும் சரி, மாப்பிள்ளையா இருந்தாலும் சரி.” ரொம்ப நியாயமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் செல்வத்தைப் பார்த்தார். செல்வம் தரையைப் பார்த்தான். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் ஆகாயத்தைப் பார்த்து, நாளைக்கு மழை இருக்காது என்றார்.

செல்வம் சாயங்காலம் என்னிடம் வந்தான். “மாரண்ணா, கார் இல்லீன்னா எனக்கு லேத்துதான். லேத்து மோசமில்ல. ஆனா அது ஒரே எடத்துல நிக்குது.”

மறுநாள் முதலில் முதலாளி ஓட்டினார். அடுத்து மாப்பிள்ளை. கடைசி ஒன்றரை மணி நேரம் செல்வம். எதிரிகள் இரண்டு பேருக்கு வண்டி கோளாறு. நாங்கள் முன்னால் இருந்தோம், ஏறத்தாழ ஒரு சுற்று வித்தியாசம். இனி யாரும் பறக்க வேண்டியதில்லை. காரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தால் கோப்பை எங்களுக்கு.

ஆனால் செல்வம் கோப்பைக்கு ஓட்டவில்லை. பலகைக்கு ஓட்டினான். பலகையில் முதலாளியின் எண் அவனுக்குத் தெரியும். அதை எட்டுவதற்குச் சுற்றுக்குச் சுற்று இன்னும் அமுக்கினான். நான் வாட்சைப் பார்ப்பேன். எங்கள் கார் அதுவரை ஓடாத நேரம். அதோடு இரண்டைக் கூட்டி நீட்டுவேன். இன்னும் போதாது என்று அவனுக்குத் தெரியும். அடுத்த சுற்றில் இன்னும் பிந்திப் பிரேக் அடிப்பான்.

நேர்ச்சாலை முடிகிற வளைவு எங்கள் பக்கம்தான். பிரேக் சத்தம் எனக்குக் கேட்கும். முதலில் கீச்சென்றது. பிறகு இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் வந்தது. பவுண்டரிக்காரனுக்கு அந்தச் சத்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைவுக்கு அப்பால் டயர் சுவர், அதற்குப் பின்னால் மண் கரை.

மேனேஜரிடம் போனேன். “பிரேக் பேடு தேஞ்சுபோச்சுங்க. பையன் பலகையைப் பாத்து ஓட்டறான். திருஷ்டியை எடுத்துப்போடறனுங்க. தான் முந்தின விசயம் தெரிஞ்சா அடங்குவான்.”

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். பின்னால் முதலாளியும் மாப்பிள்ளையும் சேர் போட்டு உட்கார்ந்து, நான் திருப்பிக் காட்டுகிற பலகையை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எடுக்க வேண்டாம்னு நான் சொல்லுல, மாரப்பா. இத்தனை பேரு பாக்கறப்ப எடுக்கோணுமான்னு...”

கார் வந்துகொண்டிருந்தது. நான் உண்மையைச் செருகி நீட்டினேன்.

பலகை பிடித்த காலத்தில் அவனுக்கு நான் காட்டிய முதல் உண்மை நேரம் அதுதான், முதல் நாளைத் தவிர. அதற்கு அவன் பதில் அடுத்த சுற்றில்தான். காத்திருந்தேன். வந்தான். ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து என்னைப் பார்த்து உதறினான். தகடு மாற்றிச் செருகிவிட்டேனாம். சரியாகப் போடு என்கிறான். வேகம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

பொய்யை அவ்வளவு காலம் நம்பியவன் உண்மையை ஒரு சுற்றுக்குக்கூட நம்பவில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் ‘IN’ தகட்டை எடுத்தேன். அதைக் காட்டும் உரிமை எனக்குக் கிடையாது. காரை உள்ளே கூப்பிடுவது மேனேஜர் வேலை. முன்னால் இருக்கிற காரைக் கூப்பிட்டால் முன்னிலை போய்விடும்.

மேனேஜர் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இழுக்கவில்லை, மெல்லப் பிடித்தார்.

“மாரப்பா, அதைக் காட்டக் கூடாதுன்னு நான் சொல்லுல. உனக்கும் விசயம் தெரியும், எனக்கும் தெரியும், முதலாளி ஒரு வார்த்தை...”

அவர் அந்த வார்த்தைக்கு வருவதற்குள் கார் எங்களைத் தாண்டிவிட்டது. செல்வம் தகட்டைப் பார்த்துவிட்டான். மேனேஜர் பலகையை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

உள்ளே வா என்றால் வந்துவிடுவான். லேத்தில் வேலை பார்த்தவன், சொன்னபடி கேட்டுப் பழக்கம். வந்து நிறுத்தும்போது கார் நிற்கவில்லை, நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள். சக்கரத்தைக் கழற்றினோம். பேடு என்று ஒன்றும் இல்லை. இரும்புத் தகடு மட்டும் இருந்தது. பேடு கவ்விப் பிடிக்கிற டிஸ்க் சூட்டில் நீலமாகிவிட்டது. புதுசு போட்டு அனுப்புவதற்குள் மில்காரர் முன்னால் போய்விட்டார். இரண்டாவதாக வந்தோம். பக்கத்துப் பிட் பலகைக்காரன் எனக்கு ஒரு கும்பிடு போட்டான்.

முதலாளி எழுந்து வந்தார். “ஆரு கூப்பிட்டது?”

“அது வந்துங்க...” என்று மேனேஜர் தொடங்கினார்.

“நானுங்க” என்றேன். தேய்ந்த பிரேக் தகட்டைக் கையில் கொடுத்தேன். சூட்டோடு இருந்தது. அவர் வார்ப்படத்தில் வளர்ந்தவர், கையை உதறவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இன்னொரு சுத்து வந்திருக்காது.”

“வந்திருக்காதுங்க.”

“அதுக்கு முந்தி ஒரு நேரம் போட்டியே. அது என்ன?”

“அவன் ஓட்டின நேரமுங்க.”

“அதுக்கும் முந்தி போட்டதெல்லாம்?”

நான் மேனேஜரைப் பார்த்தேன். “காத்து அடிச்சுதுங்க” என்றார் மேனேஜர். ஒரு இலைகூட அசையவில்லை.

முதலாளி தகட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அதனால் நாங்களும் சாப்பிட்டோம். செல்வம் மட்டும் சாப்பிடவில்லை. யார் இறங்க வேண்டும் என்று அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“மூணு பேருக்கும் நெசத்தைச் சொல்லு.”

சொன்னேன். செல்வம், மாப்பிள்ளை, கடைசியாக அவர். நான் நேரம் சொல்லச் சொல்ல அவர் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“செல்வத்துக்கு?”

“காட்டினேன். நம்பலீங்க.”

முதலாளி சிரித்துவிட்டார். அவர் ஆபீசில் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “சரி, போ” என்றார். அந்த வாரமே முழங்கால் வலி, டாக்டர் கூடாது என்கிறார் என்று சொல்லி அவரே காரைவிட்டு இறங்கிக்கொண்டார். அந்த ஒரு சுற்றை விட்டால் பலகையில் கடைசி செல்வம்தான். அவனை ஏன் இறக்கவில்லை என்று மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. மாமனார் வயசுக்குப் பெருந்தன்மை என்று எல்லோரிடமும் சொன்னார்.

அடுத்த ரேஸில் முதலாளி சேரைப் பிட் சுவருக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னார். எனக்குப் பக்கம். மாப்பிள்ளை முதல் சுற்று முடித்தார். உண்மை நேரத்தை முதலாளியிடம் சொன்னேன். ஓட்டியபடி போடவா என்று கேட்டேன்.

“நீ நெசத்தைப் போட்டு, அவரு ஊட்டுக்குப் போயி சோறு வேண்டாம்னா, என்ற பொண்ணுதானே பதில் சொல்லோணும்? பழைய மூணே இருக்கட்டும்.”

“செல்வத்துக்குங்க?”

“அவனுக்கு ஓட்டினபடி போடு. இல்லீன்னா பலகையைத் தொரத்தியே அவன் செத்துப்போவான்.”

மேனேஜர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தன் கடை நல்ல கைக்குப் போனது போல.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ரேஸ் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு காருக்கும் ஒரு சின்னப் பெட்டி கட்டினார்கள். கோட்டைத் தாண்டினால் அதுவே நேரம் எழுதிக்கொள்ளும். பெரிய திரையில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை இறங்கி வந்து திரையைப் பார்த்தார், பிறகு என் பலகையைப் பார்த்தார். “மிஷின் மூணு நொடி தப்பாக் காட்டுது. ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லுங்க” என்றார். முதலாளி சத்தமாக, “ஆமாமா, புதுசில்லீங்களா” என்றார். புகார் எழுதிக் கொடுத்தார்கள். பதில் வரவில்லை.

அதோடு பலகைக்கு வேலை போனது. எனக்கும் வயசாகிவிட்டது. சரியாக இருந்தது.

செல்வம் இப்போது காந்திபுரத்துக்கு அந்தப் பக்கம் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ரேஸ் காருக்கு இன்ஜின் கட்டிக் கொடுக்கிறான், ஞாயிறு ஆனால் அவனே ஓட்டுகிறான். போன மாதம் போனேன். டீ வாங்கி வரச் சொன்னான். பேச்சோடு பேச்சாகக் கேட்டான்.

“மாரண்ணா, அன்னிக்கு பேடு போறதுக்கு முந்தி ஒரு நேரம் போட்டீங்களே. அது நெசமாலுமே நான் ஓட்டினதுங்களா?”

“நெசந்தான் கண்ணு.”

“அந்தக் கார்லயா? அந்த பிரேக்குலயா?”

“ஆமா.”

அவன் டீயை ஆற்றிக்கொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“உங்களுக்குங்க, யாரு மனசும் நோகக்கூடாது. எனக்குமா கொறைச்சுச் சொல்லோணும்?” என்றான்.

நான் டீயைக் குடித்தேன்.